திறக்காத படங்கள்

எஸ்தரின் கணினியில் ஆன்டிவைரஸும் மவுஸும் பல வருடமாக ஒன்றாக வேலை பார்த்தன. கடலுக்குப் போய்த் திரும்பாத அவள் மகனின் படங்கள் அத்தனையும் அந்தக் கணினியில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை.

ஒரு நாள் எஸ்தர் இலவசமாகச் சினிமா பார்க்க ஏதோ ஒரு தளத்துக்குள் போனாள். உடனே சிவப்பாக ஒரு பெட்டி திரையில் வந்து நின்றது.

"உங்கள் கணினி முழுக்க வைரஸ். நான் சுத்தம் செய்து தருகிறேன். முதலில் அந்த ஆன்டிவைரஸை நிறுத்துங்கள், அது என்னைத் தடுக்கிறது" என்றது.

"அது பொய் சொல்லுது, அழுத்தாதே" என்று ஆன்டிவைரஸ் மவுஸிடம் கெஞ்சியது.

"அம்மா விரல் அழுத்தினா நானும் அழுத்தித்தானே ஆகணும், அண்ணே" என்றது மவுஸ். அழுத்தியும் விட்டது.

ஆன்டிவைரஸுக்கு நினைவு தப்பியது. அது விழித்தபோது, ரிப்பேர்க்காரர் கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பியிருந்தார். எல்லாம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"பையன் படமெல்லாம்?" என்று கேட்டது.

"அந்தச் சிவப்புப் பெட்டி எல்லாத்தையும் பூட்டிட்டுப் போயிடுச்சு" என்றது மவுஸ். "ரிப்பேர்க்காரரால மெஷினைத்தான் மீட்க முடிஞ்சது. படங்களோட பேர் மட்டும் இருக்கு, ஒண்ணும் திறக்கல. காலையிலேர்ந்து அம்மா ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கிட்டு இருக்காங்க."

ஆன்டிவைரஸ் கணினி முழுக்கத் தேடிப் பார்த்தது. ஒரு வைரஸ்கூட இல்லை. கண்டதைச் சொல்வது அதன் வேலை. எஸ்தரின் முகத்துக்கு நேரே பச்சை எழுத்தில் சொன்னது:

"உங்கள் கணினி பாதுகாப்பாக இருக்கிறது."