பகலில் ஆகாத அக்கா

வேலந்தாவளம் சந்தைக்குப் புறப்பட்ட அர்த்தநாரி, வரப்பில் எதிரே வந்த செல்லாத்தாளை ஏறிட்டும் பார்க்காமல் கடந்து போனான். தலை நரைத்த தம்பி. கூடப் பிறந்தவன்.

இன்றைக்கு மட்டுமா? புருஷன் போய் அவள் வெள்ளைச் சேலை கட்டியதிலிருந்து இதே கூத்துதான்.

"தாலியறுத்தவ எதுக்கால வந்தா போற காரியம் வெளங்காதுன்னு நெனைக்கறானாட்ட இருக்குது" என்று பக்கத்துக் காட்டுப் பூவாத்தாளிடம் மூக்கைச் சிந்தினாள்.

"நீங்களாக் கூப்பிட்டு மானங்கெட வேண்டாமுங்கக்கா."

அவள் கூப்பிடவில்லை. அவன் வந்தால் வரப்பை விட்டு இறங்கி, கடலைச் செடிகளுக்குள் ஒதுங்கி நிற்கப் பழகிக்கொண்டாள். பிள்ளையில்லாத அவளுக்கு மிச்சமிருந்த ஒரே சொந்தம் அவன். நெஞ்சு வலிக்காதா?

ஆனால் பொழுது சாய்ந்ததும் அந்த மகராசன் அவள் வீட்டில் ஆஜராகிவிடுவான். ஊர் பார்க்காத நேரமல்லவா! வந்ததும், "அந்த வெளக்கை அக்கட்டால தள்ளி வைங்கக்கா" என்பான். வெளிச்சத்தில் யாராவது பார்த்துவிட்டால்?

அன்று அவள் வாசலை மறித்து நின்றாள்.

"பகல்ல ஆகாத அக்கா பொழுதெறங்குனா மட்டும் ஆகுமாக்கும்? அத்தனை தரித்திரமா நானு?"

"என்னங்கக்கா சொல்றீங்க?"

"காத்தால வரப்புல கையெட்டற தூரத்துல நின்னனே! ஒரு வார்த்தை பேசுனயா?"

அர்த்தநாரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "நீங்கதானுங்களா அது? ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதுங்களா?"

செல்லாத்தாள் குனிந்து அவன் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள். கருமணி இரண்டிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது.

"அட சாமி! கண்ணுல புரை உழுந்திருக்குதேடா!"

"வெயில் ஏறுனா எல்லாம் வெள்ளைப் பொகையாட்ட ஆயிருதுங்க. வெளக்கு எதுக்கால இருந்தாலும் கூசுது. மசங்குன பொறகுதான் ஆள் மொகம் தெரியுது."

"அறுத்தாச் சரியாப் போயிரும்கறாங்களே! இத்தனை நாளா ஏண்டா சொல்லலை? நாளைக்கே பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரி."

"போலாமுங்க. பயந்துட்டுத்தான் தள்ளிப் போட்டேன். அறுக்கறப்போ ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயி, இருக்கற பார்வையும் போயிட்டா?" அவளை அண்ணாந்து பார்த்தான். "அதுக்கு முன்னால உங்க மொகத்தை நல்லாப் பாத்து வெச்சுக்கலாம்னுதானுங்கக்கா தெனமும் இந்நேரத்துக்கு வர்றேன்."