காணாமல் போன கொழுந்து

சண்முகவடிவின் கூடையில் இருந்த தேயிலைக் கொழுந்து எங்கே போனது என்று மருமகள் லோஜினிக்குப் பிடிபடவில்லை.

"கூடை நெறைய இருந்ததை நான் பார்த்தேனே அத்தை."

"அப்ப நான் தின்னுட்டேங்கிறியா?"

"அப்படிச் சொல்லலீங்க. சாயங்காலத்துக்குள்ள அட்டனுக்கு அனுப்பியாகணும். இல்லாட்டி ஒரு வருச ஒழைப்பு வீண்."

வாசலில் நின்ற கணவன் தர்ஷன் சிரித்தான். "தோட்டத்துல வேலை வாங்குற கண்டாக்கையாகிட்ட சொல்லி ஆள் வச்சுத் தேடுவமா? தூறுது, மொதல்ல கொடியில காயுற துணிய எடு. அப்புறமா கள்ளனப் புடிக்கலாம்."

சண்முகவடிவு மருமகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "அடியே, என் சுவெட்டரையும் காணோம். தலையும் கையும் தனித்தனியாப் பறக்குது."

கணினித் திரையில் உண்மையிலேயே அப்படித்தான் பறந்தன. அட்டனில் நடக்கும் குறும்பட விழாவுக்காக லோஜினி எடுக்கும் படத்தில், கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி வானில் பறக்க வேண்டும். அதற்காக மாமியாரைப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்திருந்தாள். பச்சையாக இருப்பதையெல்லாம் கணினி அழித்துவிட்டு அங்கே வானத்தை வைக்கும். துணி எது, கொழுந்து எது, சுவெட்டர் எது என்று அதற்குத் தெரியாது.

துணி எடுக்க ஓடிய லோஜினி கொடியருகே நின்றுவிட்டாள். மலை முழுக்கத் தேயிலையின் பச்சை. அதற்கு முன்னால் நீலப் போர்வை மட்டும் தனியாகத் தெரிந்தது.

"அத்தை, கூடையோட வாங்க. இன்னொருக்காப் பறக்கணும்."

"சோறு வடிக்கணும்டி."

"அதை ஒங்க மகன் வடிப்பாரு."

வீட்டுக்குள் பச்சைத் துணி இருந்த இடத்தில் நீலப் போர்வையைக் கட்டினாள். மறுபடி படம் பிடித்து, நீலத்தை மட்டும் அழிக்கும்படி கணினியிடம் சொன்னாள். சண்முகவடிவு முழு ஆளாக, கூடை நிறையக் கொழுந்தோடு வானத்தில் பறந்தாள்.