புங்கமரத்தில் பட்ட பந்து

அந்த வெள்ளைப் பந்துக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. ஞானராஜ் சார் கோல்ஃப் மைதானத்தில் அடித்த ஒரே அடியில் குழிக்குள் விழுந்த பந்து அல்லவா! ஆட்டம் முடிந்ததும் அதைக் கிளப் மேஜையில் நடுநாயகமாக வைத்தார்கள். ஒரே அடியில் குழியில் போட்டவர் எல்லாருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

பக்கத்தில் நுரை ததும்ப நின்ற பீர் மக் கேட்டது: "நேராவா போனே, தம்பி?"

"இல்லண்ணே. கோணலாப் பறந்து புங்கமரத்துல மோதினேன். அதுதான் என்னைக் குழிப் பக்கம் தள்ளிவிட்டுச்சு," என்றது பந்து, உள்ளதை மறைக்காமல்.

முதல் மக் குடிக்கும்போது ஞானராஜும் அதையேதான் சொன்னார். இரண்டாவது மக்கில் மரம் வெறும் கிளையானது. மூன்றாவதில் ஓர் இலை மட்டும் லேசாக உரசியது. கூட ஆடிய மூன்று பேரும் கண்ணால் பார்த்தவர்கள்தான். ஆனால் அவர்கள் வாயிலும் பீர் இருந்தது.

ஒருவர் பந்தை எடுத்துத் திருப்பினார். "இதென்ன சார், இவ்வளவு பெரிய கீறல்?"

"காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போன வேகம்யா அது!"

மேஜை அதிரக் கை தட்டினார்கள். பந்து, கீறல் எல்லாருக்கும் தெரியும்படி புரண்டு உட்கார்ந்துகொண்டது.

காலியாகி நின்ற மக், ஜன்னல் வழியே தெரிந்த பட்டை பெயர்ந்த மரத்தைப் பார்த்தது. "தம்பி, அந்த மரத்துக்கும் ஒரு வாய் ஊத்தச் சொல்லேன். அதுவும் ஆடின ஆளுதானே?"

"எந்த மரம்ணே?" என்றது பந்து.