முதல் வாடிக்கையாளர்

கோவையில் வருமானவரி நோட்டீஸ் வந்தவர்களின் சிக்கலைத் தீர்த்துவைக்கும் ஆடிட்டர் சென்னியப்பனிடம் புது ஆட்கள் வருவது நின்றுபோயிருந்தது. அதனால் அவரும், ஊரில் பலர் வாங்கியிருந்த, இயந்திரமே போன் போட்டுப் பேசும் விளம்பர அழைப்புச் சேவையை வாங்கினார். போனை எடுப்பவர் யாரை அதிகம் நம்புகிறாரோ, அவர் குரலிலேயே அது பேசும். இயந்திரம்தான் என்று தெரிந்தும் ஜனங்கள் பதில் சொன்னார்கள்.

முதலில் மனைவி கோகிலவாணியின் எண்ணுக்குப் போட்டுப் பார்த்தார். அடுத்த அறையில் அவள் ஸ்பீக்கரில் போடும் போனிலிருந்து தன் குரல் கேட்கும் என்று காத்திருந்தார். கேட்டதோ அவளுடைய தையல் கடையில் வேலை பார்க்கும், வயதில் மூத்த மும்தாஜின் குரல்.

“கோகிலா, டாக்ஸ் நோட்டீஸ் ஏதாச்சும் வந்திருந்தா ஆடிட்டர் சென்னியப்பனப் பாரு.”

கோகிலவாணி மெதுவாகக் கேட்டாள்: “அவர நம்பலாமாக்கா?”

“தாராளமா நம்பலாம்.”

சற்று நேரத்தில் அவள் ஒரு கவரோடு வந்து நின்றாள்.

“ஏனுங்க, கடைக்கு நோட்டீஸ் வந்திருக்குதுங்க. போன வருசமே வந்துது. உங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு.”

சென்னியப்பனுக்குக் கோபம் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. விளம்பரம் வேலை செய்கிறது என்று மட்டும் தோன்றியது. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, வெளியாட்களிடம் சொல்வதுபோல, “உக்காருங்க” என்றார்.