அடுத்து, மகள் பேசுவார்

நான்காவதாகப் பேசிய சலூன்காரரும் அழுதுவிட்டார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மகளுக்கு வயிறு எரிந்தது.

பழைய இசைத்தட்டு சேர்ப்பவர்கள் மாதம் ஒரு முறை கூடும் மாடி அறை அது. அறுபது நாற்காலிகளும் நிறைந்து, மாடிப்படி வரை ஆட்கள் நின்றார்கள். இன்றைக்கு அங்கே அப்பாவுக்கு இரங்கல் கூட்டம். சுவரில் அவர் படம். கோட்டும் சூட்டும் போட்டு, தொப்பியைச் சாய்த்து வைத்து, யாரோ ஒருத்தியின் முகவாயைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் மைக்கைப் பிடித்திருந்தார்.

அவருக்குப் பெரிய குரல் இல்லை. மைக்கை உரசிக்கொண்டு நின்று, காதோடு ரகசியம் சொல்வதுபோலப் பாடுவார். ஓட்டலில் சாப்பிடுகிறவர்களுக்குப் பாடத் தொடங்கியவர், முப்பது வயதுக்குள் பவுடர் டப்பாவில் படமாகச் சிரித்தார். 'வெல்வெட்' என்று ஊரே செல்லப்பெயர் வைத்தது. அப்புறம் குடி, கோர்ட்டு, மூன்று கல்யாணம். ஒரு கச்சேரியில் பாட்டை மறந்து நின்று கல்லடி பட்டதும் உண்டு. கடைசியில் குரலும் போய், சலூனுக்கு மேலே ஒரு வாடகை அறையில் கிடந்து, ஆஸ்பத்திரியில் செத்தார்.

இவள் முதல் கல்யாணத்து மகள். இவளுக்கு நான்கு வயதாகும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர், திரும்பிப் பார்க்கவில்லை.

குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது, பக்கத்து வீட்டு ரேடியோவில்.

அந்த வீட்டு அக்கா கண்ணை மூடிக்கொண்டு, தனக்கென்றே பாடுவதுபோல இருக்கிறது என்பாள். அவள் காதைப் பிடித்துத் திருக வேண்டும்போல இருக்கும் இவளுக்கு. அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாள்.

இன்றைக்கு அப்படிச் சாத்த ஜன்னல் இல்லை.

டிரம்ஸ் வாசித்த கிழவர் முதலில் பேசினார். கிழவருடைய பெண்ணின் பிறந்தநாளுக்கு எந்த ஊரில் இருந்தாலும் வெல்வெட் வாழ்த்து அட்டை போட்டுவிடுவாராம். இவள் எத்தனையோ பிறந்தநாளுக்கு வாசலில் நின்று தபால்காரரின் முதுகைப் பார்த்திருக்கிறாள்.

கோட்டு தைத்த தையல்காரர் வந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் வந்தாள். கடைசி வாரம் முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தூங்கினாராம்.

சலூன்காரர் சொன்னதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை. அப்பாவுக்குக் கை நடுங்கும் என்பதால் தினமும் காலையில் மேலே போய்ச் சவரம் செய்துவிடுவாராம். கத்தி ஓடும்போது அவர் பழைய பாட்டு ஏதாவது முணுமுணுப்பாராம். தாடை அசையுமே, வெட்டிவிடுமே என்று பயந்து பயந்து செய்வாராம்.

அப்பாவின் கன்னம் சொரசொரப்பா, வழவழப்பா என்பது இவளுக்குத் தெரியாது. சலூன்காரரின் கைக்குத் தெரிந்திருக்கிறது.

பங்காளிகள் சொத்துப் பிரிப்பதுபோல ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார்கள். இவள் பங்குக்கு வந்தது, பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து.

"அடுத்து, மகள் பேசுவார்."

நன்றி சொல்லி இரண்டே வரியில் முடித்துக்கொள்ளலாம் என்றுதான் எழுந்தாள். மைக்குக்கு முன்னால் போய் நின்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்கு ஏழு வயசுல கடுமையான காய்ச்சல். அப்பா கேள்விப்பட்டு மழையில வந்தாரு. ஜன்னலுக்கு வெளியில நின்னு, நான் தூங்குற வரைக்கும் பாடினாரு."

காய்ச்சல் வந்தது நிஜம். மழை பெய்ததும் நிஜம்.

நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். டிரம்ஸ் கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் எல்லாரும் தன்னைப் பார்த்து ஏங்குவது இவளுக்கு இனித்தது. வாழ்நாளில் முதல் தடவை.

இரண்டாம் வரிசையில், வெல்வெட்டைப் பற்றிப் புத்தகம் எழுதுகிற பெரியவர் பேனாவைத் தூக்கினார்.

"உங்களுக்கு ஏழு வயசுன்னா... அந்த வருஷம் மழைக்காலம் பூரா அவர் கப்பல்ல பாடப் போயிருந்தாரேம்மா. டிக்கெட்டே எங்கிட்ட இருக்கு."

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கணக்கு இடித்தது, கேட்டார்.

அறுபது முகமும் இவள் பக்கம் திரும்பின. காது மடல் சுட்டது. திருடியின் கையைப் பிடித்துச் சந்தையில் நிறுத்தியதுபோல இருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும்.

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. சலூன்காரர் எழுந்து நின்றார்.

"கப்பல் ரெண்டு நாள் தாமதமாத்தான் கிளம்புச்சு. அக்கா சொல்றது உண்மைதான். வெல்வெட் அண்ணனுக்குக் குடை பிடிச்சிக்கிட்டு நின்னது நான்தான்."

யாரோ கை தட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். பெரியவர் ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நோட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு வேறொன்று எழுதிக்கொண்டார்.

இவள் சலூன்காரரைப் பார்த்தாள். அவரும் இவளையே பார்த்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை. கண் இன்னும் ஈரமாக இருந்தது.

இவளுக்கு ஐம்பத்தாறு முடிந்துவிட்டது. அவருக்கு நாற்பத்தைந்துகூட இருக்காது. அந்த மழை பெய்தபோது அவர் பிறந்தே இருக்கவில்லை.

மைக்கை அருகில் இழுத்துக்கொண்டாள்.

"ஆமா, குடையை அப்பாவுக்குப் பிடிச்சிட்டு இவருதான் முழுசா நனைஞ்சாரு" என்றாள்.