இருபத்து நான்காவது சீட்டு

பெட்டிகளை மடித்துக் கட்டும் எங்கள் பிரிவில் இருபத்து மூன்று பேர். வருடம் ஒருமுறை ஆளுக்கொரு சீட்டு கொடுத்து, பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று எழுதி வாங்கி, பெயருக்குப் பெயர் அம்புக்குறி போட்டுப் படம் வரைவது மேற்பார்வையாளரான என் வேலை. இந்த வருடம் புதிய விதி: ஓர் அம்பு கூட வந்து சேராதவர் கிடங்குக்குப் போக வேண்டும்.

கடைசி மேசைக்காரி மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவள்.

"என் பேரை எவளும் எழுத மாட்டா சார். பையக் கட்டி வெச்சுட்டேன்" என்றாள்.

எண்ணினேன். இருபத்து நான்கு சீட்டுகள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவை இருபத்து மூன்றுதான். எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருந்தது. கூடுதல் சீட்டில் அவள் பெயர். எழுதியவர் பெயர் இல்லை. காகிதத்தின் ஓரத்திலிருந்தே அம்பை வரைந்தேன்.

"இது எங்கேர்ந்து வருது?" என்றார் மேலாளர்.

"தெரியல சார். ஆனா வந்து சேர்ந்துடுச்சே. விதியில அதுதானே இருக்கு?"

தலையைச் சொறிந்துகொண்டு கையெழுத்திட்டார்.

அவள் பையைப் பிரித்தாள். ஒரு காலி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

வழக்கமாக அவள் மேசையில் நாற்பது கட்டு சேரும். அன்று மாலை எண்பத்தேழு. அவள் வலக்கைக்காரி; ஆனால் பாதிக்கு மேல் இடக்கைக்காரர் போட்ட முடிச்சுகள். பிரிவே எழுந்து கைதட்டியது.

அவள் நிமிரவில்லை. காலி நாற்காலியிடம் சொன்னாள்: "கொஞ்சம் தள்ளி உக்காரேன், முழங்கை இடிக்குது."