வெள்ளிக்கிழமை ஈரல் வறுவல்

போஸ்ட்மேன் சுவாமிநாதன் ஈரல் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதுவும் வெள்ளிக்கிழமை. அதுவும் மூஞ்சிக்கல் பஜார் ராவுத்தர் கடையில், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

மரியசெல்வம் டீச்சர் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"சுந்தரி, நான் பார்க்கிறதைத்தான் நீயும் பார்க்கிறியா?"

"பார்க்கிறேங்க டீச்சர்," என்றாள் அடுத்த வீட்டுச் சண்முகசுந்தரி. "பழனியில கோயில் கைங்கரியம் பண்ற குடும்பமாம்! எங்க வீட்டுல தண்ணி குடுத்தாக்கூட, 'முட்டை படாத செம்புதானா தாயி?'ன்னு கேட்டுட்டுத்தான் வாங்குவாரு."

"ரசிக்கிறதைப் பாரு. கண்ணைத் திறந்தா ருசி ஓடிப் போயிருமோ என்னவோ!"

ஈரலைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் லீமாவுக்காக ஊரே ஒருசந்தி விரதம் இருந்துகொண்டிருந்த நேரம் அது.

லீமா, தோட்டக்காரர் இருதயசாமியின் ஒரே மகள். பத்தாம் வகுப்பு. பொங்கல் லீவு முடிந்து வந்தவள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள். ரத்தத்தில் புற்றுநோய் என்றார் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர். வேலூருக்குக் கொண்டுபோக வேண்டும். மலை இறங்குகிற தெம்பு வரும்வரை ரத்தம் ஏற்றித்தான் பிள்ளையைத் தாங்க வேண்டும்.

வகுப்பு டீச்சர் மரியசெல்வம் சும்மா இருப்பாரா? வீடு வீடாக ஏறி இறங்கினார். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முடியும்வரை எல்லாரும் லீமாவுக்காக ஒருவேளைச் சாப்பாடு, கறி மீன் கிடையாது என்று முடிவாயிற்று. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள் மட்டுமில்லை, முருகனைக் கும்பிடுகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதல் ஆளாகப் பேர் கொடுத்தவரே சுவாமிநாதன்தான்.

வாய்தான் ஒருசந்தி இருந்தது. யார் வீட்டில் எத்தனை தடவை அடுப்பு புகைகிறது என்று பார்க்கிற கண்களுக்கு மூன்று வேளையும் விருந்து.

"இன்னிக்குச் சாயங்காலமே அவர் சம்சாரம் சுந்தராம்பாள்கிட்டச் சொல்லாம விடறதில்லை," என்றார் டீச்சர்.

"சொல்லுங்க! பாத்திரத்தோட சேத்து அவரையும் வாசல்ல போட்டு, சாம்பல் வச்சு வெளக்கிரும் அந்தம்மா."

"சரி, வெரசா நட. ஆஸ்பத்திரியில மத்தவங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

மத்தவர்கள் என்றால் நாலு பெண்கள். ரத்தம் கொடுத்தால் ஆயுசு குறையும் என்று அழுதவர்களை அதட்டி, உருட்டி, லீமாவுக்கு ரத்தம் கொடுக்க டீச்சர் சேர்த்து வைத்த படை அது. டீச்சரையும் சுந்தரியையும் சேர்த்து ஆறு பேர்.

நர்ஸ் சிஸ்டர் ஒவ்வொருத்தியின் கண் இமையையும் இழுத்துப் பார்த்தார். விரலில் குத்திச் சோதித்தார். வேண்டாமென்று ஒவ்வொருத்தியாக எழுப்பி ஓரமாக உட்கார வைத்தார். கடைசியில் டீச்சர்.

"உங்க ரத்தமும் வேண்டாம் டீச்சர்."

"ஏன், என் ரத்தத்துக்கு என்ன குறைச்சல்?"

"தண்ணியாக் கெடக்கு. எத்தனை நாளா ஒருசந்தி?"

"இன்னியோட முப்பத்தோரு நாள்." டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆறு பேரும். ஒரு நாள்கூடத் தவறலை."

"ஆண்டவர் ஏத்துக்குவார், டீச்சர். டாக்டர் ஏத்துக்க மாட்டார்."

டீச்சரின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப பிள்ளைக்கு?"

"இன்னிக்கு ஏறிக்கிட்டிருக்கு. ஒருத்தர் காலையில வெள்ளனே வந்து குடுத்துட்டுப் போயிட்டார். அடுத்த பாட்டிலுக்குத்தான் உங்களை நம்பியிருந்தேன்."

"யாரு அந்தப் புண்ணியவான்?"

"பேர் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார். வீட்டுக்குத் தெரிஞ்சா வம்பாம்."

"சிஸ்டர்!"

அந்த அதட்டலுக்கு வகுப்பே அடங்கும். சிஸ்டரும் ஒரு காலத்தில் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்தான்.

"போஸ்ட்மேன் சார், டீச்சர்."

சண்முகசுந்தரி முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"எதுக்குக் குடுக்கிறீங்கன்னு நானும் கேட்டேன். 'கடுதாசி இல்லாத அன்னிக்கும், மழை விடட்டும் உக்காருங்க மாமான்னு சொல்லும் இந்தப் பிள்ளை'ன்னார். அவ்வளவுதான் சொன்னார். இன்னிக்கு மூணாவது பாட்டில். போன தடவை குடுத்துட்டு இங்கேயே விழுந்துட்டார், அவரும் ஒருசந்திதானே! ரத்தம் ஊறாம இந்தப் பக்கம் தலை காட்டாதேன்னு டாக்டர் விரட்டிட்டார்."

"அப்புறம்?"

"கீரை, பேரீச்சம்பழம் தின்னா எத்தனை நாளாகும்னு என்கிட்ட வந்து கேட்டார். மாசக் கணக்காகும்னேன். வெரசா ஊறணும்னா என்ன செய்யணும்னார். ஈரல் சாப்பிடணும்னேன்."

"உடனே ஒத்துக்கிட்டாரா?"

"எங்கே! அதோ, அந்த பெஞ்சில போய் உட்கார்ந்தார். அரைமணி நேரம் அசையலை. கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அப்புறம் எழுந்து வந்து, யார் காதிலும் விழாம மெள்ளக் கேட்டார்: 'அது எந்தக் கடையிலங்க கிடைக்கும், சிஸ்டர்?'"